கிளியர்

கடைசிக் கட்டுக்காசைக் கட்டின அன்று
பாங்கில் இருந்த பிள்ளை சொன்னாள்: லோன் கிளியர்.
நெஞ்சுப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
கிளிநொச்சி ஆசுபத்திரி டொக்டர் சொன்னார்: கிளியர்.
தோளில் வெள்ளையாய்த் தெரிந்த பீசைப் பற்றி
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓமந்தையில், அந்த நாளையில்,
பையைக் கொட்டிக் கிளறி
பாவாடைக் கரை வரைக்கும் தடவிப் பார்த்து
ஒருத்தி புறங்கையை அசைத்தால்
அதற்கும் இதுதான்.
போனில் குரல் இதுவாக இருக்கவேண்டும்.
காணி உறுதியும் இதுவாக இருக்கவேண்டும்.
டோசர் வந்து காட்டைத் தள்ளினால்
காடும் இதுவாகிவிடும்.

இத்தனை பேர் பாவித்தும்
சவர்க்காரம் மாதிரித் தேயாத சொல்.

எனக்குச் சம்பளமே அந்தச் சொல்லுக்குத்தான்.
அம்பகாமத்தில், லேன் ஏழு.
ஒரு மீற்றர் அகலத்தில் முழங்காலில் நின்று
சிவப்புத் தடியை விரல் விரலாய் முன்னுக்கு நகர்த்துகிறது.
நல்ல நாளென்றால் ஆறு சதுர மீற்றர்.
வேர் கூடின இடமென்றால் இரண்டு.
பின்னேரம் பாரத்தில் அந்த ஒரு சொல்,
கீழே என் கையெழுத்து.
என் கையெழுத்தை நம்பி
நாளைக்கு அதில் மாடு நடக்கும்.

தேத்தண்ணி நேரம், பாலை மரத்துக்குக் கீழே,
முகக்கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு
சோபிகா போனில் அகராதி பார்த்தாள்.
மகளின் ஒப்படைக்கு
ஒரு இங்கிலிஷ் சொல்லின் பூர்வீகம் வேணுமாம்.
"இஞ்சை பாருங்கோடி,
இது முதல் கண்ணுக்குரிய சொல்லே இல்லையாம்.
காதுக்குரியதாம்.
இலத்தீனில் கிளாருஸ், உரக்கக் கேட்கிறது.
அதுக்கும் அங்காலை போனால்
கத்திக் கூப்பிடுகிறது."

கூப்பாடு வெளிச்சமாகி,
வெளிச்சம் முகிலில்லாத வானமாகி,
கடைசியில்
ஒன்றுமே இல்லாத இடமாகிவிட்டதாம்.

"எவ்வளவு தூரம் நடந்திருக்கு"
என்றாள் மதுரந்தி, பிளேன்ரீயை ஊதிக்கொண்டு.
எங்களைப் போல என்று
ஒருவரும் சொல்லவில்லை.

அப்ப எங்கட சொல்?
தெளி. முற்றத்துக்குத் தண்ணி தெளிக்கிறதும் அதுதான்.
இன்னொன்றும் இருக்கு:
வெள்ளத்துக்குப் பிறகு குடத்துக்குள்ளே
தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவோம்.
கலங்கின தண்ணி தேறும்.
கலங்கின ஆளையும் தேற்றுகிறது என்றுதான் சொல்கிறோம்.
நோயாளி தேறுவார், பிள்ளை சோதினையில் தேறும்.
நான் நினைத்துக்கொண்டேன்:
எங்கட சொல்லில் மண் எங்கேயும் போவதில்லை.
அடியில் இருக்கிறது.
குடத்தை ஆட்டாதவரைக்கும்
தண்ணி தேறினதுதான்.

விசில். திரும்பவும் முழங்கால்.

பதினொன்று பிந்தி கருவி கீச்சிட்டது.
இந்தக் கிழமை முழுக்கக் கீச்சிட்டது
சோடா மூடிக்கும் ரோச் பற்றறிக்கும்
கூரை ஆணிக்கும்தான்.
ஆனாலும் கை ஒவ்வொருமுறையும்
முதல்முறை மாதிரித்தான் பயப்படும்.
பக்கத்தால் சுரண்டி, பிறசால் தட்டி,
மூச்சைச் சின்னதாக்கி—

மைன் இல்லை.
எவர்சில்வர் மூடி ஒன்று,
சம்படத்தினதாக இருக்கலாம்.
நடுவில் நெளிந்திருந்தது.
விளிம்பில், கடைக்காரன் புள்ளி புள்ளியாய்க் குத்தின பெயர்:
வே. தங்கரூபி.

பாரத்தை விரித்துப் பார்த்தேன்.
மிதிவெடி, வெடிக்காத குண்டு, சன்னம், பிற உலோகம்.
பிற உலோகத்துக்கு எதிரே
ஒன்று என்று எழுதலாம். எழுதுகிறதுதான் வழக்கம்.

லேனை விட்டு வெளியே வந்தேன்.
தடியில் தொங்கின வோக்கியில் றெக்ஸ் அண்ணா:
"ஏழு, ஏழு, கிளியரா?"

கையுறையைக் கழற்றாமல் அமத்தினேன்.
"வே. தங்கரூபி" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"கிளியர் இல்லை, பிள்ளை.
உரத்துச் சொல்லும்."